ஒரு தாய் பெற்ற பிள்ளைகள்

இரத்தினபுரியில் மழை விட்ட ஒரு விடியற்காலையில் வடகிழக்கு நோக்கி நிற்பவர்கள், முகிற் கூட்டத்துக்கு மேலே சிவனொளிபாத மலை கூம்பி நிற்கக் காண்பார்கள். 2,243 மீற்றர் உயரமுள்ள அம்மலையின் உச்சியில், பாறையிலே ஓர் அடிச்சுவடு உண்டு. பௌத்தர்கள் அதனைப் புத்தபெருமானின் ஸ்ரீபாதம் என்று வணங்குகின்றனர். சைவர்களாகிய நாம் சிவபெருமானின் திருவடி என்கிறோம். முஸ்லிம்கள் ஆதம் நபியின் அடி என்பர். கிறிஸ்தவர்களுள் சிலர் புனித தோமையாரின் அடி என்று சொல்லி வந்தனர். சுவடு ஒன்று, அதற்கு வழங்கும் பெயர்கள் நான்கு. மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரை ஆயிரமாயிரம் மக்கள் அப்படிகளில் ஏறுகின்றனர். மூச்சு வாங்கி நிற்கும் முதியவளுக்குக் கை கொடுப்பவன், "அம்மா, நீங்கள் எந்தப் பெயரைச் சொல்லி ஏறுகிறீர்கள்?" என்று கேட்பதில்லை.

மலையின் மேலே இவ்வளவு எளிதாகக் கைகூடும் காரியம், மலையடிவாரத்து வீடுகளில் ஏன் அரிதாகிப் போகிறது? சென்ற ஆண்டு இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டம் ஒன்றில் நான் கண்ட ஒரு மரண வீடு இக்கேள்வியை எனக்குள் எழுப்பிற்று. அன்றிலிருந்து இதைப்பற்றி எழுத வேண்டுமென்று எண்ணியிருந்தேன்.

என்னிடம் கல்லூரியில் பயின்ற மாணவர் ஒருவர் இரவு தொலைபேசியில் அழைத்தார். "சேர், அம்மா போய்விட்டார். வீட்டில் பெரிய சிக்கலாயிருக்கிறது. நீங்கள் ஒருமுறை வந்து சொன்னால் அண்ணனும் தம்பியும் கேட்பார்கள்" என்றார். மறுநாட் காலை முதல் பேருந்தில் புறப்பட்டேன்.

இறப்பரும் தேயிலையும் கலந்த பழைய தோட்டம் அது. இறந்த அம்மையார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். இந்துக் குடும்பத்திற் பிறந்து, கத்தோலிக்கரை மணந்தபோது திருமுழுக்குப் பெற்றவர். கணவர் முன்னரே காலமாகிவிட்டார். பிள்ளைகள் மூவர். மூத்தவர் தந்தை தாயின் வழியில் கத்தோலிக்கராகவே இருக்கிறார். நடுவரான என் மாணவர் அங்கிலிக்கன் சபைக் குடும்பத்தில் பெண் எடுத்து, மனைவியுடன் அச்சபைக்குச் செல்கிறார். இளையவர் கொழும்பிலே வேலை பார்த்த காலத்தில் பெந்தெகொஸ்தே சபையொன்றிற் சேர்ந்தவர். அம்மையாரின் உடன்பிறந்த தம்பி, பிள்ளைகளின் தாய்மாமன், தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு வேண்டியவர்.

அடக்கம் எந்த முறைப்படி என்பதே சிக்கல். "அம்மா ஒருநாளும் செபமாலை சொல்லாமல் உறங்கியதில்லை, சுவாமி வந்துதான் அடக்கம் செய்ய வேண்டும்" என்றார் மூத்தவர். "ஆறு மாதம் படுக்கையில் கிடந்தபோது பக்கத்திலிருந்து ஜெபித்தவன் நான், அம்மா என் ஜெபத்துக்கு ஆமென் சொன்னார். எங்கள் பாஸ்டர் ஏன் பேசக் கூடாது? மெழுகுதிரியும் சாம்பிராணியும் இருக்கும் இடத்தில் நான் எப்படி நிற்பேன்?" என்றார் இளையவர். "அக்கா பிறந்த வீடு ஒன்று இருக்கிறதல்லவா? நான் கோடி போட வேண்டும்; தப்பு அடிக்க வேண்டும். ஊமை வீடாகவா அவளை அனுப்புவது?" என்றார் மாமன். நடுவர் இவரைப் பார்ப்பதும் அவரைப் பார்ப்பதுமாக நின்றார். பெட்டிக்குள் தாயார், எல்லாருக்கும் பொதுவாக, அமைதியாகப் படுத்திருந்தார்.

கல்லூரி ஆசிரியன் என்ற மதிப்பினால் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். நானும் அம்மதிப்புக்கு ஏற்றவாறு பேசினேன். ஆறுகள் பல, கடல் ஒன்று. பசுக்கள் பல நிறம், பால் ஒரே நிறம். எம்மதமும் சம்மதமே என்றெல்லாம் சொன்னேன். மேடையிலே கைதட்டுப் பெறும் பேச்சு அது. மூத்தவர் மரியாதையாகத் தலை குனிந்திருந்தார். இளையவர் எழுந்து, கைகட்டி நின்று, "சேர், கோபிக்கக் கூடாது. எல்லாம் ஒன்றுதான் என்றால் இந்த நம்பிக்கைக்காக நான் பட்டதெல்லாம் எதற்கு? அண்ணனைக் கேட்டுப் பாருங்கள், அவருக்கும் எல்லாம் ஒன்றில்லை" என்றார். மூத்தவர் அப்போதுதான் நிமிர்ந்தார். "அவன் சொல்வது சரிதான், சேர்" என்றார்.

அன்று காலை முதல் அந்தச் சகோதரர் இருவரும் ஒருமனப்பட்ட முதற் செய்தி, நான் சொன்னது பிழை என்பதே.

அந்த நாற்காலியில் இருந்தபடியே எனக்கு ஒன்று விளங்கியது. வேற்றுமையே இல்லையென்று சொல்லி வேற்றுமையைத் தீர்க்க முடியாது. ஒருவன் உயிரினும் மேலாகக் கருதுவதை, "அது ஒன்றும் பெரிதில்லை" என்று சொல்வது சமாதானம் ஆகாது, அவமதிப்பாகவே முடியும். அப்படியானால் ஒற்றுமைக்கு வேறு வழி என்ன? அதை அறிய, இந்த வேற்றுமைகள் நமது லயங்களுக்குள் எவ்வாறு வந்தன என்பதைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

அவை கப்பல்களில் வந்தன. 1505 இல் போர்த்துக்கேயர் வந்தனர். அவர்களோடு கத்தோலிக்க சமயம் வந்தது. அவர்களை வென்ற ஒல்லாந்தர் தம் சீர்திருத்த சபையைக் கொண்டுவந்து, கத்தோலிக்கக் குருமாரைத் தடுத்தனர். அந்தத் தடைக்காலத்தில், 1687 இல், கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்து மறைந்து தொண்டாற்றியவரே யோசேப் வாஸ் அடிகள். 2015 ஜனவரியில் அவர் புனிதராக உயர்த்தப்பட்டதை வாசகர்கள் அறிவார்கள். பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியில் 1812 இல் பப்டிஸ்ட் சபையார், 1814 இல் மெதடிஸ்த சபையார், 1816 இல் அமெரிக்க மிஷனரிமார், 1818 இல் அங்கிலிக்கன் சபையின் சேர்ச் மிஷன் சங்கத்தார் என்று ஒருவர் பின் ஒருவராக வந்தனர். 1517 இல் ஜெர்மனியில் லூத்தர் எழுப்பிய வழக்கு, எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில் இங்கிலாந்தில் எழுந்த வழக்கு, பதினெட்டாம் நூற்றாண்டில் வெஸ்லி காலத்து வழக்கு, எல்லாம் இங்கே இறங்கின.

கோப்பித் தோட்டங்களும் பின்னர் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களும் எழுந்தபோது தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் வந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் மாரியம்மனையும் முருகனையும் மனத்திற் கொண்டு வந்தனர். சிலர் செபமாலையோடு வந்தனர். சிலர் வேதப் புத்தகத்தோடு வந்தனர். 1854 இல் தோட்டத் துரைமார் சிலர் பணம் திரட்ட, சேர்ச் மிஷன் சங்கத்தார் மேற்பார்க்க, தோட்ட மக்களுக்கென்றே ஒரு மிஷன் தொடங்கியது. திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வந்து லயங்களிற் போதித்தனர். அந்த மிஷனுக்கு அன்று சூட்டிய பெயரிலே 'கூலி' என்ற சொல்லும் இருந்தது. கடவுளின் பெயரால் வந்தவர்களும் அக்காலத்துக் கண்ணாடியையே அணிந்திருந்தனர். கத்தோலிக்கரைப் பொறுத்தவரை, 1893 இல் அமைந்த காலி மறைமாவட்டத்தின் பொறுப்பில் சப்ரகமுவ நெடுங்காலம் இருந்தது. பெல்ஜிய நாட்டு யேசுசபைக் குருமார் இம்மலைகளில் நடந்து தொண்டாற்றினர். 1995 இலேயே இரத்தினபுரி, கேகாலை இரண்டு மாவட்டங்களுக்குமாக இரத்தினபுரி மறைமாவட்டம் தனியே அமைந்தது.

ஆக, ஐரோப்பாவின் அரசர்களும் அறிஞர்களும் தொடங்கிய பிணக்குகளை, யட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் இறக்குவானையிலும் பலாங்கொடையிலும் பால் வெட்டியும் கொழுந்து பறித்தும் வாழ்ந்த மக்கள் முதுசமாகப் பெற்றார்கள். சொத்து என்று சொல்லிக்கொள்ள ஒரு பேர்ச் நிலமும் இல்லாத மக்களுக்குக் கிடைத்த விசித்திரமான முதுசம் அது.

இப்பிரிவு மொழியிலும் படிந்துவிட்டது. லயத்தின் ஒரே சுவருக்கு இருபுறமும் வாழும் இரண்டு கிறிஸ்தவக் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். ஒரு வீட்டில் 'செபம்'. மறு வீட்டில் 'ஜெபம்'. ஒருவர் கோயிலுக்குப் பூசை காணப் போகிறார். மற்றவர் சபைக்கு ஆராதனைக்குப் போகிறார். ஒருவருக்குக் குருவானவர் 'சுவாமி'. அங்கிலிக்கன், மெதடிஸ்த சபையாருக்கு 'ஐயர்'. பெந்தெகொஸ்தே சபையாருக்கு 'பாஸ்டர்'. மாரியம்மன் கோயிலிலும் ஓர் ஐயர் இருப்பதனால், "ஐயர் வருகிறார்" என்றால் எந்த ஐயர் என்று கேட்டுத் தெளிவது தோட்டத்தில் வழக்கமான வேடிக்கை.

இதனினும் வியப்பானது ஒன்று உண்டு. இயேசுநாதரின் தலைமைச் சீடரைக் கத்தோலிக்கரின் பழைய வழக்கு இராயப்பர் என்றது. புரொட்டஸ்தாந்து வழக்கு பேதுரு என்றது. ஒருவருக்குச் சின்னப்பர் மற்றவருக்குப் பவுல். ஒருவருக்கு அருளப்பர் மற்றவருக்கு யோவான். தோட்டத்துப் பெயர்ப் பதிவேட்டில் இராயப்பன் ஒருவரும் பேதுரு ஒருவரும் இருந்தால், இருவரும் ஒரே அடியாரின் பெயரைத் தாங்கியவர்கள் என்பதை அவர்களுடைய பிள்ளைகளே அறியாதிருக்கக்கூடும். சிவனொளிபாதத்துச் சுவடு போலவே இங்கும் ஆள் ஒருவர், பெயர் இரண்டு.

இப்பெயர்களை ஒன்றாக்கும் முயற்சியின் வரலாற்றில் ஒரு சைவரும் இடம்பெறுகிறார் என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியார் வேதாகமத்தைத் தமிழாக்கியபோது அவருக்குத் துணை நின்றவர் ஆறுமுக நாவலர். அம்மொழிபெயர்ப்பு 1850 இல் வெளிவந்தது. நாவலரோ அதற்கு முன்னரே, 1848 இல், மிஷன் பாடசாலைகளுக்கு எதிராகச் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிவிட்டார். கொள்கையில் எதிரெதிர் நின்றவர்கள் ஒரே மேசையில் ஒரே நூலுக்காக உழைத்திருக்கிறார்கள். நாவலர் தம் திருநீற்றை அழிக்கவுமில்லை. பாதிரியாரின் நூலுக்குத் தம் தமிழைக் குறைத்துக் கொடுக்கவுமில்லை. பின்பு 1871 இல் பல மிஷன்களும் சேர்ந்து ஏற்ற மொழிபெயர்ப்பு ஒன்று வந்தது. இந்த நீண்ட கதையை 1967 இல் நூலாக எழுதியவர், தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாணப் பேராயராயிருந்த சபாபதி குலேந்திரன். கத்தோலிக்கரும் புரொட்டஸ்தாந்து சபையாரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பான 'திருவிவிலியம்' 1995 இல் வந்தது. அதிலே இராயப்பர் பேதுருவானார், சின்னப்பர் பவுலானார். பெயரளவிலேனும் ஒன்றுபட அவ்வளவு காலம் சென்றது.

சபைகளையே ஒன்றாக்கும் முயற்சியும் நம் தமிழ் மண்ணில் நெடுங்காலம் நடந்ததே. 1910 இல் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு கூடியபோது, திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த அசரியா என்னும் தமிழர் எழுந்து, மேல்நாட்டார் எங்களுக்காகச் செய்த தியாகங்கள் பெரியவை, எனினும் எங்களுக்கு வேண்டியது நட்பு என்ற கருத்துப்படப் பேசினார். 1912 இல் அவரே முதல் இந்திய அங்கிலிக்கன் பேராயரானார். 1919 இல் தரங்கம்பாடியில் பல சபைகளின் ஊழியர்கள் கூடினர். அவர்களுட் பெரும்பாலோர் இந்தியர். தங்களைப் பிரிக்கும் பிரிவினைகள் தங்களால் உண்டானவையல்ல என்று உணர்ந்து, ஐக்கியத்துக்கு அறைகூவினர். இருபத்தெட்டு ஆண்டுகள் பேச்சுவார்த்தை நடந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜோர்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அசரியா அதைக் காணவில்லை; 1945 ஜனவரி முதல் நாளிலேயே கண்மூடிவிட்டார். யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் சபையார் அவ்வைக்கியத்தில் இணைந்தனர். குலேந்திரன் அவர்களின் முதற் பேராயரானார்.

இலங்கை முழுவதற்கும் அவ்வாறே ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்டிஸ்ட், பிரெஸ்பிற்றேரியன் சபைகளும் யாழ்ப்பாண ஆதீனமும் சேர்ந்து 'லங்கா திருச்சபை' ஆவதென்று முப்பது ஆண்டுகளளவில் பேசின. பேச வேண்டியவை சிறிய காரியங்களல்ல. குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுக்கலாமா, அறிந்து கேட்பவனுக்குத்தானா? பேராயர் கை வைத்துத் திருநிலைப்படுத்தாத ஊழியரைக் குருவாக ஏற்கலாமா? ஒவ்வொன்றும் அவரவர் உயிர்நிலைக் கேள்வி. 1948 இல் ஆம்ஸ்ரடாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் கூடியபோது அதன் தொடக்க வழிபாட்டிலே பேசும் பெருமை பெற்ற நம் நாட்டுத் தமிழர் டி. ரி. நைல்ஸ் போன்றோர் இதற்காக உழைத்தனர். 1970 இல் நைல்ஸ் காலமானார். 1972 இல் ஐக்கியம் தொடங்கவிருந்த தறுவாயில், அங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த சிலர் நீதிமன்றத்தை நாடினர். திட்டம் அங்கேயே நின்றது, இன்றுவரை எழவில்லை.

இது தோல்விதானா? ஒரு வகையில் ஆம். ஆனால் அதே சபைகள் 1963 இல் பிலிமத்தலாவையில் இறையியற் கல்லூரி ஒன்றைச் சேர்ந்து தொடங்கின. வெவ்வேறு சபைகளுக்கு ஊழியராகப் போகும் இளைஞர்கள், தமிழரும் சிங்களவரும், அங்கே ஒரே வளவில் தங்கி, ஒரே சமையலை உண்டு, தத்தம் மொழியிற் கற்று வெளியேறுகின்றனர். ஒரே சட்டத்தின் கீழ் வர முடியாதவர்கள் ஒரே கூரையின் கீழ் வாழ முடிந்திருக்கிறது. கத்தோலிக்க உலகிலும் கதவு திறந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 இல் கிறிஸ்தவ ஒன்றிப்பைப் பற்றித் தனி ஏடு வெளியிட்டது. 1965 டிசம்பர் 7 அன்று, 1054 இல் உரோமையும் கொன்ஸ்தாந்திநோப்பிளும் ஒன்றன்மேல் ஒன்று விதித்த விலக்கை, பாப்பரசரும் கீழைத்திருச்சபையின் பிதாப்பிதாவும் நீக்கினர். லூத்தர் எழுப்பிய முதல் வழக்கைப் பற்றியே 1999 இல் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் கூட்டுப் பிரகடனம் ஒன்றில் ஒப்பமிட்டனர். ஆண்டுதோறும் ஜனவரி 18 முதல் 25 வரை பல சபையாரும் ஒன்றிப்புக்காகச் சேர்ந்து மன்றாடுகின்றனர்.

இவை அனைத்திலும் ஒரு பாடம் உண்டு. கொள்கை வேற்றுமை தீர்ந்த பின்னரே உறவு என்று காத்திருந்தவர்கள் காத்துக்கொண்டே இருந்தார்கள். வேற்றுமை இருக்கவே உறவைத் தொடங்கியவர்கள் ஏதோ ஒன்றைக் கட்டி முடித்தார்கள்.

"கிறிஸ்தவர் வீட்டு வழக்கில் இந்துவாகிய உமக்கு என்ன வேலை?" என்று வாசகர் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் வீடு அப்படியொன்றும் ஒழுங்காக இல்லை என்பதே என் விடை. சைவரும் வைணவரும் வாதாடிய வரலாறு நமக்கும் உண்டு. யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நம்மவரையே நம்மவர் விடமறுத்ததால் 1968 இல் எழுந்த போராட்டம் நம் வீட்டுக் கதைதான். இன்னுமொன்று: "எம்மதமும் சம்மதம்" என்று மேடையில் முழங்கும் நாம், நம் பிள்ளை ஒன்று சபைக்குப் போகத் தொடங்கினால் அன்றைக்கே சோற்றுக் கோப்பையை வேறாக்கிவிடுகிறோம். மாறிய பிள்ளையும் சில வேளைகளில், தாய் வைத்த பொங்கலைப் "பேய்க்குப் படைத்தது" என்று சொல்லி அவள் நெஞ்சைச் சுட்டுவிடுகிறது. இரண்டும் பிழை. முன்னையது நம் பிழை என்பதால் அதை முதலிற் சொல்கிறேன்.

இனி அந்த மரண வீட்டுக்குத் திரும்புவோம். என் பேச்சு முறிந்து நான் வெட்கி இருந்தபோது, தோட்டத்து மரணாதார சங்கத்தின் செயலாளர் வந்தார். பால் நிறுக்குமிடத்தில் வேலை செய்பவர், இந்து, அதிகம் படியாதவர். கையில் ஒரு பழைய கொப்பி. உபதேசம் எதுவும் செய்யவில்லை. கேள்விகளே கேட்டார்.

"அம்மா கடைசிவரை பெயர் பதிந்திருந்தது எந்தக் கோயிலில்?"

"கத்தோலிக்கக் கோயிலில்" என்றார்கள்.

"அப்படியென்றால் அடக்கம் அந்த முறை. அது அம்மாவின் விருப்பம், நமது விருப்பமில்லை. தம்பி, இதை ஒத்துக்கொள்கிறாயா?"

இளையவர் சிறிது நேரம் மௌனமாயிருந்து, "அம்மாவுக்காக ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் முழந்தாளிட மாட்டேன்" என்றார்.

"யாரும் உன்னை முழந்தாளிடச் சொல்லவில்லை. இன்று இரவு எட்டு மணி முதல் பத்து மணி வரை உன் சபையார் வந்து பாடட்டும், ஜெபிக்கட்டும். பெரியவரே, அந்த நேரத்தில் வீடு அவர்களுடையது. சரியா?"

மூத்தவர் தலையசைத்தார்.

"மாமா, நீங்கள் வாசலில் கோடி போடுங்கள். தப்பு லயத்திலிருந்து பெரிய பாதை வரை. அங்கிருந்து கோயில் பாட்டு. நடுவிலுள்ள தம்பி, உன் ஐயர் வந்தால் அவருக்கும் ஒரு நாற்காலி போடு." இவ்வளவையும் கொப்பியில் நேரத்தோடு எழுதிக்கொண்டு, பெட்டிக்கும் குழி வெட்டுபவர்களுக்கும் சங்கப் பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

முப்பது ஆண்டுகள் அறிஞர்கள் செய்த பேச்சுவார்த்தையைப் போன்ற ஒன்று, அரை மணி நேரத்தில் ஒரு கொப்பியில் முடிந்ததைக் கண்டேன். அதன் அடிப்படை மிக எளியது. இறந்தவளின் நம்பிக்கைக்கு முதலிடம். இருப்பவர்களின் நம்பிக்கைக்கு அவரவர் இடம். மனச்சாட்சிக்கு மாறாக எவரும் எதையும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் எவரும் விலகிப் போகவும் கூடாது.

அன்றிரவு இளையவரின் சபையார் கஞ்சிரா தட்டிப் பாடினர். மூத்தவர் உள்ளே வரவில்லை; வெளியே படியில் இருந்து செபமாலை உருட்டினார். ஆனால் பத்து மணிக்கு அவர்கள் எழுந்தபோது எல்லாருக்கும் வெறுந்தேநீர் கொண்டுவரச் சொன்னவர் அவரே. மறுநாள் சுவாமி வந்தார். தீர்த்தம் தெளித்தபோது இளையவர் நாலடி தள்ளி, இறப்பர் மரமொன்றின் அருகே நின்றார். எவரும் அதைக் குறையாகப் பேசவில்லை. செபம் முடிந்ததும் அவரே முன்வந்து மண்வெட்டியை எடுத்தார். பின்பு அண்ணன் வாங்கினார், பின்பு நடுவர், பின்பு மாமன். கடைசியில் நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

மண்ணுக்குச் சமயமில்லை என்பதைச் சப்ரகமுவ மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. புலத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயத்தையும் மண் மூடியது. அத்தகைய நாட்களில் எவனும் அடுத்தவனின் சபையைக் கேட்டுவிட்டுக் கை கொடுப்பதில்லை. பேரிடர் வந்த நாளில் தானாக வரும் அந்த அறிவை, சாதாரண நாட்களுக்கும் பழக்கமாக்கிக்கொள்வதே நாம் செய்ய வேண்டியது.

அதற்குப் பெரிய மாநாடுகள் தேவையில்லை. பிறர் வணங்கும் பெயரை அவர் சொல்லும்படியே சரியாகச் சொல்லப் பழகுவோம். பிள்ளைகள் கேட்கும்படி மற்றவரின் வழிபாட்டை இகழாதிருப்போம். திருமணத்துக்கும் மரணத்துக்கும், நமக்கு உடன்பாடில்லாத முறையில் நடந்தாலும், போய் நிற்போம். நாலடி தள்ளியாவது நிற்போம். தம் மரணத்தின் பின் என்ன முறை வேண்டுமென்று பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே பிள்ளைகளிடம் சொல்லிவைப்பார்களாக. அது பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் நல்ல முதுசம்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வகுப்பில் செபம் என்று எழுதுபவனும் ஜெபம் என்று எழுதுபவனும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். எது சரி என்று ஆசிரியரைக் கேட்கலாம், தவறில்லை. அதற்கு முன், எதற்காக அவன் அதைச் செய்கிறான் என்று அவனையே கேளுங்கள். பொறுமையோடு கேட்டால் அவனும் உங்களைக் கேட்பான். ஒற்றுமை அந்த இடத்திலேதான் தொடங்குகிறது.

அடக்கம் முடிந்து நான் பேருந்துக்கு நடந்தபோது இளையவர் என்னோடு வந்தார். "நேற்று நான் எதிர்த்துப் பேசியதை மனத்தில் வைக்காதீர்கள், சேர்" என்றார். "மனத்தில்தான் வைத்திருக்கிறேன், தம்பி. அது நான் கற்ற பாடம்" என்றேன். அவர் சிரித்தார். முகில் விலகி, தூரத்தே மலையுச்சி தெரிந்தது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம். அதை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பேருந்து வரும்வரை அவர் என்னோடு நின்றார்.